யூனிக்ஸ் பெருங்கதை – 17: மூன்று கட்டளைகள்

கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். 1990களில் லினக்ஸ் பழகியவர்களுக்கு இந்த மூன்று கட்டளைகளும் மனப்பாடம். ஒரு மென்பொருளின் மூல நிரலை டார் கோப்பாக இறக்கி, விரித்து, அந்த அடைவுக்குள் சென்று மூன்றையும் வரிசையாக அடிப்பார்கள். திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி அடங்கியதும் மென்பொருள் இயங்கத் தயாராக இருக்கும்.

மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை போலச் சேர்ந்து நிற்கின்றன. ஆனால் முதலில் அடிக்கும் கட்டளைதான் கடைசியில் பிறந்தது. மேக் வந்து 15 ஆண்டுகள் கழித்தே, இன்று நாம் அறிந்த வடிவில் கான்ஃபிகர் வந்தது. அந்த இடைவெளியில்தான் யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்து, ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாத நிலைக்குப் போனது. இந்த மூன்று கட்டளைகளின் வரலாறு, அந்தப் பிரிவினையைக் கடக்க நிரலாளர்கள் பட்ட பாட்டின் வரலாறு.

1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்படிக்கை ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தைத் தகவல்தொடர்புக்கு வெளியே வணிகம் செய்யவிடாமல் தடுத்ததையும், அதனால் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் மூல நிரலோடு காந்த நாடாக்களில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றதையும் முன்பே பார்த்தோம். நாடாவைப் பெற்றவர்கள் தேவைப்பட்டபோது நிரலைத் திருத்தி, தாங்களே கம்பைல் செய்துகொண்டார்கள். அன்றைய யூனிக்ஸ்காரர்களுக்கு அது தனி வித்தையல்ல, அன்றாட வேலை.

வீணான ஒரு காலைப்பொழுது

நியூஜெர்சி மாநிலத்தின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் 1970களின் நடுவில் நிரல்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன. ஒரு பெரிய சி நிரலை ஒரே கோப்பில் எழுதுவதில்லை. பத்து, இருபது கோப்புகளாகப் பிரித்து எழுதுவார்கள். கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே இயந்திர மொழிக்கு மாற்றி ஒரு ஆப்ஜெக்ட் கோப்பைத் தரும். கடைசியில் லிங்கர் எல்லாவற்றையும் இணைத்து இயங்கும் நிரலாக்கும். ஒரு கோப்பில் மட்டும் திருத்தம் செய்தால் அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்து மற்றவற்றோடு இணைத்தால் போதும். மெதுவான பிடிபி-11 கணினியில் இதனால் மிச்சமாகும் நேரம் அதிகம்.

ஆனால் எந்தக் கோப்பைத் திருத்தினோம், எதை மறுபடி கம்பைல் செய்தோம் என்பதை மனிதர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் காலை முழுவதும் ஒரு பிழையைத் தேடி அலைந்தார். பிழையை ஏற்கெனவே திருத்தியிருந்தார். திருத்திய கோப்பைக் கம்பைல் செய்யத்தான் விட்டுப்போயிருந்தது. சரியான நிரலை முன்னால் வைத்துக்கொண்டு, பழைய ஆப்ஜெக்ட் கோப்பின் பிழையை அவர் தேடிக்கொண்டிருந்தார். ஆத்திரத்தோடு சக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்து புலம்பினார். ஃபெல்ட்மனும் முந்தைய நாள் மாலை இதே தொல்லையில் மாட்டியிருந்தவர். அந்த வார இறுதியிலேயே அவர் எழுதிய கருவிதான் மேக். ஆண்டு 1976.

அதன் தத்துவம் மிக எளிமையானது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, ஒன்றிலிருந்து மற்றொன்றை உருவாக்க என்ன கட்டளை என்பதை மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட வேண்டும். மேக் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும். மூலக் கோப்பின் நேரம் ஆப்ஜெக்ட் கோப்பின் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். மற்றவற்றைத் தொடாது. மனிதரின் ஞாபகம் செய்யவேண்டிய வேலையைக் கோப்பின் நேரமுத்திரை எடுத்துக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது. அதுவரை ஒரு நிரலை எப்படிக் கட்ட வேண்டும் என்ற அறிவு எழுதியவரின் தலைக்குள் இருந்தது. மேக்ஃபைல் வந்ததும் அந்த அறிவு எழுத்தாகி, மூல நிரலோடு சேர்ந்தே பயணம் செய்யத் தொடங்கியது. பிறகு வந்ததெல்லாம் இதன் தொடர்ச்சியே.

மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் குறியோடுதான் தொடங்க வேண்டும். டேபுக்குப் பதில் வெற்றிடங்களை இட்டால் வேலை நின்றுவிடும். தொடக்கத்தில் எளிதாக இருந்ததால் செய்த ஏற்பாடு அது. சில வாரங்களில் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுடைய கோப்புகளைக் குலைக்க வேண்டாம் என்று ஃபெல்ட்மன் அதை மாற்றாமல் விட்டார். அந்த டஜன் பேருக்காகக் காத்த ஒழுங்கை இன்றும் உலகம் கடைப்பிடிக்கிறது. மேக்கை உருவாக்கியதற்காக ஏ.சி.எம். அமைப்பு 2003ஆம் ஆண்டுக்கான தன் மென்பொருள் அமைப்பு விருதை ஃபெல்ட்மனுக்கு வழங்கியது.

ஒரே பெயரில் பல யூனிக்ஸ்கள்

மேக் பிறந்தபோது அதைச் சுற்றி இருந்த கணினிகள் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. எட்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. பெர்க்லியின் பி.எஸ்.டி. ஒரு பக்கம் வளர்ந்தது. 1983இல் ஏ.டி. அண்ட் டி. சிஸ்டம் ஃபைவைக் கொண்டுவந்தது. 1984 ஜனவரி 1 அன்று அந்த நிறுவனம் பிரிக்கப்பட்டதும் கணினி வணிகத்துக்கு இருந்த பழைய தடை போயிற்று. யூனிக்ஸ் விற்பனைச் சரக்கானது. சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ், டிஜிட்டலின் அல்ட்ரிக்ஸ், ஹியூலெட்-பேக்கார்டின் எச்.பி.-யூஎக்ஸ், மைக்ரோசாஃப்டின் ஜெனிக்ஸ், ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ் என்று ஒவ்வொரு விற்பனையாளரும் தமக்கென ஒரு யூனிக்ஸை வைத்துக்கொண்டார்கள்.

வேறுபாடுகள் சிறியவை. ஆனால் ஒவ்வொன்றும் கம்பைலைத் தடுக்கப் போதுமானவை. ஒரு சொற்றொடரில் ஓர் எழுத்தைத் தேடும் செயற்கூற்றுக்கு பி.எஸ்.டி.யில் இண்டெக்ஸ் என்று பெயர். சிஸ்டம் ஃபைவில் எஸ்.டி.ஆர்.சி.எச்.ஆர். நினைவகத்தில் நகலெடுக்க இங்கே பிகாப்பி, அங்கே மெம்காப்பி. முனையத்தைக் கட்டுப்படுத்தும் முறை இரண்டிலும் வேறு. சிஸ்டம் ஃபைவில் கோப்பின் பெயர் 14 எழுத்துக்குள் அடங்க வேண்டும், 4.2 பி.எஸ்.டி.யில் 255 வரை போகலாம். சில கணினிகளில் முழு எண்ணுக்கு 16 பிட், வேறு சிலவற்றில் 32 பிட்.

ஆகவே ஒரு நிரலைப் பெற்றவர் முதலில் மேக்ஃபைலைத் திறந்து கையால் திருத்தினார். வாக்ஸ் என்றால் இந்த வரி, சன் என்றால் அந்த வரி என்று நிரலுக்குள்ளேயே இயந்திரங்களின் பெயரைச் சொல்லிக் கிளைகள் பிரித்திருப்பார்கள். பட்டியலில் உங்கள் இயந்திரத்தின் பெயர் இல்லையென்றால், நிரலையும் உங்கள் யூனிக்ஸையும் படித்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி கேட்ட நிரல்

1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களிடம் முளைத்த யூஸ்நெட், தொலைபேசி வழியே யூனிக்ஸ் கணினிகளை இணைத்து மூல நிரல்களை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அனுப்புகிறவருக்குப் பெறுகிறவரின் கணினி எதுவென்று தெரியாது. முகம் தெரியாத இயந்திரத்துக்கு நிரல் எழுதவேண்டிய கட்டாயம் முதன்முதலாகப் பெரிய அளவில் எழுந்தது இங்கேதான்.

இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் லாரி வால். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர். 1984இல் அவர் வெளியிட்ட ஆர்.என். என்ற செய்திவாசிப்பு நிரலோடு கான்ஃபிகர் என்ற ஷெல் நிரலும் வந்தது. அது கணினியைத் துழாவிப் பார்த்து, தான் ஊகித்ததை விடையாக முன்வைத்து, சரிதானா என்று மனிதரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டது. விடைகளைக் கொண்டு அந்தக் கணினிக்கு ஏற்ற மேக்ஃபைலை எழுதிக்கொடுத்தது. 1985இல் அவர் வெளியிட்ட பேட்ச் என்ற கருவி, முழு நிரலையும் மறுபடி அனுப்பாமல் மாறிய வரிகளை மட்டும் அனுப்பிப் பொருத்திக்கொள்ள வழிசெய்தது. உலகெங்கும் சிதறிக் கிடந்தவர்கள் ஒரே நிரலில் சேர்ந்து உழைக்க இந்த இரண்டும் துணைநின்றன.

இயந்திரத்தையே கேட்பது

இதற்குள் 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்திருந்தார். முழுமையான, சுதந்திரமான ஓர் இயங்குதளத்தை உருவாக்குவது குறிக்கோள். கெர்னல் தயாராகாத அந்த ஆண்டுகளில் க்னூவின் ஒவ்வொரு நிரலும் அடுத்தவர்களின் யூனிக்ஸில்தான் பிறந்து வளர்ந்தது. சன், வாக்ஸ், எச்.பி. என்று எல்லாவற்றிலும் ஓடினால்தான் பயனர்கள் கிடைப்பார்கள். எங்கும் ஓடவேண்டும் என்ற தேவை க்னூவுக்குப் பிறவியிலேயே வந்தது.

அதன் உச்சம் 1987இல் வெளிவந்த க்னூ சி கம்பைலர். கம்பைலரைக் கம்பைல் செய்ய இன்னொரு கம்பைலர் வேண்டுமே? கணினியோடு வந்த கம்பைலரால் முதலில் அதைக் கட்டுவார்கள். அப்படிக் கிடைத்த க்னூ கம்பைலரால் அதையே இரண்டாம் முறை கட்டுவார்கள். இரண்டாவதைக் கொண்டு மூன்றாம் முறை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கம்பைலர் சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்வார்கள். தன்னைத் தானே பெற்றெடுத்து, பெற்றதைத் தானே சோதிக்கும் இந்த முறை இன்றும் தொடர்கிறது.

1991 ஜூன் மாதம், க்னூவின் பல அடிப்படைக் கருவிகளைப் பராமரித்துவந்த டேவிட் மெக்கன்சிக்கு ஒரு சிக்கல். பயனர் மேக்ஃபைலில் கையால் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகள் ஏறத்தாழ இருபதாகப் பெருகியிருந்தன. புதிய வெளியீடு ஒவ்வொன்றையும் பல கணினிகளில் சோதித்தாக வேண்டிய அவருக்கே அது சுமையானது. அமைப்புகளைத் தானே ஊகிக்கும் ஒரு ஷெல் நிரலை எழுதினார். பலன் தந்ததும் மற்றத் தொகுப்புகளுக்கும் அதே வகையில் எழுதினார். ஒரே சோதனைகளை ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க, எம்4 என்ற பழைய மேக்ரோ கருவியைக் கொண்டு கான்ஃபிகர் நிரல்களை உற்பத்தி செய்யும் முறையை அமைத்தார். அதுவே ஆட்டோகான்ஃப்.

அதுவரை நிரல்கள் பெரும்பாலும் "நீ எந்த இயந்திரம்?" என்று கேட்டன. ஆட்டோகான்ஃப் வளர்த்த நெறி "உன்னால் என்ன முடியும்?" என்று கேட்பது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும் சமையல்காரர் ஊர்ப் பெயரை வைத்து அடுப்பை ஊகிப்பதில்லை. நேரே சமையற்கட்டுக்குள் போய் அடுப்பையும் அண்டாவையும் தண்ணீரையும் பார்த்துவிடுகிறார். கான்ஃபிகரும் அதைத்தான் செய்கிறது. எஸ்.டி.ஆர்.சி.எச்.ஆர். இருக்கிறதா என்று அறிய, அதை அழைக்கும் நாலு வரி சி நிரலை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைலாகி இணைந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. இப்படி நூற்றுக்கணக்கான சிறு சோதனைகள். திரையில் ஓடும் அந்த வரிகள் எல்லாம் கணினியிடம் கேட்ட கேள்விகளும் அது தந்த விடைகளும்தான். முடிவில் அந்தக் கணினிக்கென்றே ஒரு மேக்ஃபைல் பிறக்கும். நேற்று வெளிவந்த, பட்டியலில் பெயரே இல்லாத யூனிக்ஸிலும் இந்த முறை வேலை செய்யும். வலிமை அதில்தான் இருந்தது.

இதன் பின்னே ஒரு பெரிய கரிசனம் இருந்தது. நிரலைப் பெறுகிறவரிடம் ஆட்டோகான்ஃப் இருக்கத் தேவையில்லை, எம்4 தேவையில்லை. ஒரு ஷெல், ஒரு கம்பைலர், ஒரு மேக் இருந்தால் போதும். அதனால்தான் கான்ஃபிகர் மிகப் பழைய போர்ன் ஷெல்லிலும் ஓடும்படி, பின்னாளில் வந்த ஷெல் வசதிகளைத் தொடாமல், நீட்டி நீட்டி எழுதப்பட்டது. எழுதுகிறவர் சிரமத்தை ஏற்றுக்கொண்டார், பெறுகிறவருக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்பதற்காக.

அதே 1991 ஜூன் மாதத்தில்தான் க்னூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பும் வெளியானது. அந்த உரிமம், முழுமையான மூல நிரல் என்றால் என்ன என்பதை வரையறுக்கும்போது, கம்பைலையும் நிறுவுதலையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளையும் அதன் பகுதியாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது. மூல நிரல் கையில் இருந்தும் அதை உயிர்ப்பிக்கும் வழி தெரியாவிட்டால் அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும். மெக்கன்சி கருவியால் செய்ததை உரிமம் சட்டத்தால் செய்தது.

எங்கே வைப்பது?

மூன்றாவது கட்டளைக்கு வருவோம். மேக் இன்ஸ்டால் என்பது மேக்கின் தனிச் சக்தி அல்ல. கட்டிய கோப்புகளை உரிய இடங்களுக்கு நகலெடுக்க மேக்ஃபைலில் இன்ஸ்டால் என்ற பெயரில் ஒரு பகுதி வைப்பது மரபு. க்னூ திட்டம் அந்த மரபை விதிகளாக எழுதி ஒழுங்குபடுத்தியது.

இயல்பாக அவை போய்ச் சேரும் இடம் யூசர் லோக்கல் அடைவு. இயங்குதளத்தோடு வந்தவை ஓரிடம், உள்ளூரில் சேர்த்தவை வேறிடம் என்ற பிரிவினை. இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் உள்ளூர்ச் சேர்க்கைகள் அழியாது. அங்கே எழுத ரூட் அதிகாரம் வேண்டும். அது இல்லாத மாணவருக்கும் வழி இருந்தது. கான்ஃபிகருக்கு ப்ரிஃபிக்ஸ் என்ற குறிப்போடு தன் சொந்த அடைவின் பெயரைக் கொடுத்தால், எல்லாம் அங்கேயே போய் அமரும். நிர்வாகியின் அனுமதிக்குக் காத்திராமல், பொதுக் கணினியில் தனக்கு வேண்டிய கருவியைத் தானே கட்டிக்கொள்ளும் உரிமை இந்தச் சிறு குறிப்பில் கிடைத்தது.

குறை ஒன்று இருந்தது. எந்தக் கோப்பை எங்கே வைத்தோம் என்று மேக் எங்கும் பதிவுசெய்வதில்லை. மென்பொருளை நீக்க வேண்டுமென்றால் பழைய மேக்ஃபைல் கையில் இருக்க வேண்டும். அதில் அன்இன்ஸ்டால் பகுதியும் இருக்க வேண்டும். ஒரு நிரலுக்கு வேண்டிய நூலகம் இல்லையென்றால் கான்ஃபிகர் பாதியில் நிற்கும். அந்த நூலகத்தைத் தேடிக் கட்டப் போனால் அதற்கு இன்னொன்று வேண்டும். இரவுகளை விழுங்கிய இந்தச் சங்கிலியை அறுக்க 1993 முதல் பல முயற்சிகள் எழுந்தன. ஃப்ரீபிஎஸ்டியில் ஜோர்டன் ஹப்பர்ட் தொடங்கிய போர்ட்ஸ், மூல நிரலை இறக்கி, சரிபார்த்து, சார்புகளையும் சேர்த்துக் கட்டித் தந்தது. டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் கட்டி முடித்த பொதிகளையே தந்தன. மூன்று கட்டளைகளும் மெல்ல மெல்லப் பயனரின் கையிலிருந்து பொதி செய்பவரின் கைக்கு மாறின.

யாரும் படிக்காத பக்கங்கள்

கை மாறியபோது கண்ணும் விலகியது. ஆட்டோகான்ஃப் உற்பத்தி செய்யும் கான்ஃபிகர் நிரல் பல்லாயிரம் வரிகளுக்கு நீளும். மூல நிரலைப் படிக்கும் கவனமுள்ளவர்களும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் மூன்றில் முதலில் ஓடுவது அதுதான்.

இந்த இடைவெளியைத் தீயவர்கள் கண்டுகொண்டார்கள். 2002இல் ஓபன்எஸ்எஸ்எச் 3.4பி1 பதிப்பின் டார் கோப்பை யாரோ விநியோகக் கணினியிலேயே மாற்றி வைத்தார்கள். செருகப்பட்ட நிரல் ஓபன்எஸ்எஸ்எச் ஓடும்போது வேலை செய்யவில்லை. அதைக் கட்டும்போதே இயங்கி, வெளியே ஒரு கணினியைத் தொடர்புகொண்டு கட்டளைக்குக் காத்திருந்தது. போர்ட்ஸில் பதிவாகியிருந்த செக்சம் பொருந்தாததால் குட்டு வெளிப்பட்டது.

2024இல் நடந்தது அதைவிடப் பெரியது. மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருப்பதை அறிவித்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதமாவதைக் கண்டு, விடாமல் துருவியதன் பலன். பொறுமையாக நம்பிக்கை பெற்றுப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒரு புனைபெயர்க்காரர் அதைப் புகுத்தியிருந்தார். தீய நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் மறைந்திருந்தது. அதைத் தட்டியெழுப்பும் வரிகள் எம்4 கோப்பு ஒன்றில் இருந்தன. எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தன. கான்ஃபிகர் ஓடும்போது, டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதிக்காகக் கட்டப்படுகிறதா என்று அது சோதித்துப் பார்த்தது. ஆம் என்றால் மட்டும் செயலில் இறங்கியது. கணினியைத் துழாவி அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வது மெக்கன்சி தந்த வசதி. அதே வசதியை ஆயுதமாக்கியிருந்தார்கள்.

இதை வைத்து மூல நிரலிலிருந்து கட்டும் வழக்கமே தோற்றது என்று முடிவுகட்டுவது தவறு. மூலமும் கட்டும் முறையும் வெளிப்படையாக இருந்ததால்தான் ஃப்ராயிண்டால் வேர்வரை தோண்ட முடிந்தது. தோற்றது நம் கவனம். 1991இல் உரிமம் சொன்னதை நாம் மறந்துவிட்டோம். கட்டும் ஸ்கிரிப்டும் மூல நிரலின் பகுதிதான். அதையும் படிக்க வேண்டும், அதையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

டெபியன் உள்ளிட்ட திட்டங்கள் 2013 முதல் முன்னெடுத்துவரும் மறுஉருவாக்க முயற்சி இந்தத் திசையில் வைத்த உறுதியான அடி. ஒரே மூல நிரலை இருவர் வெவ்வேறு கணினிகளில் கட்டினாலும் கடைசி பிட் வரை ஒரே கோப்பு கிடைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. இதற்காகக் கோப்புகளில் பதியும் தேதி, அடைவின் பெயர், வரிசை மாற்றம் என்று ஒவ்வொரு வேறுபாட்டையும் தேடிக் களைகிறார்கள். அப்போது பொதி செய்தவரை நம்ப வேண்டியதில்லை. சந்தேகப்படுபவர் தானே கட்டிப் பார்த்து ஒப்பிடலாம். மூலம் தானே களங்கப்பட்டிருந்தால் இது காப்பாற்றாது. எக்ஸ்இசட் போன்ற சதிக்கு டார் கோப்பையும் களஞ்சியத்தையும் ஒப்பிடும் கண்கள் தனியே வேண்டும். இரண்டும் சேரும்போதுதான் காவல் முழுமையாகும்.

எல்லோரும் எல்லாவற்றையும் தாங்களே கம்பைல் செய்துகொண்டிருக்க முடியாது, தேவையுமில்லை. ஆனால் யாராவது செய்துகொண்டே இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஃபெல்ட்மனும் வாலும் மெக்கன்சியும் முகம் தெரியாத ஒருவருக்காக அந்த வழியைத் திறந்து வைத்தார்கள். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்கும்வரைதான் மற்றவர்களின் நம்பிக்கைக்கும் பொருள் உண்டு.

அடுத்த பகுதியில்: 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் அறிவித்த டெபியன். ஒருவர் கட்டி ஊரெல்லாம் பயன்படுத்தும் பொதி முறை எப்படி உருவானது, சார்புச் சங்கிலியை அது எப்படி அவிழ்த்தது?

(தொடரும்)